அக்கரப்பத்தனைக் குளிரில் 96 பாகை

கேள்வி: அண்ணா, அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்து எழுதுகிறேன். அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். போன வருசம் கொழும்பில் ஒரு கடையில் பாவித்த லெப்டொப் ஒன்று வாங்கித் தந்தார். இன்டெல் ஐ5 8250யூ புரொசசர். வெப்பம் காட்டும் மென்பொருள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது 58 பாகை, ஸூம் வகுப்பில் 78, வீடியோ எடிட் பண்ணும்போது 96, 98 வரை போகிறது. அந்த நேரம் எல்லாமே இழுத்து இழுத்து ஓடுகிறது. எங்கள் வீட்டில் பகலிலேயே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் இருப்போம். இந்தக் குளிரில் எப்படி இவ்வளவு சூடு? தெரிந்த ஒருவர் புரொசசர் சிப் கருகிவிடும், இப்போதே விற்றுவிடு என்கிறார். இன்னொருவர் லெப்டொப்புக்கு அடியில் வைக்கிற ஃபேன் தட்டான கூலிங் பேட் வாங்கு என்கிறார். சிப்பின் மேல் பூசியிருக்கும் பேஸ்டை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்றும் சொல்கிறார்கள். அடுத்த மாதம் மட்டக்களப்பு வந்தாறுமூலைக்குப் பல்கலைக்கழகம் போகிறேன். புதிது வாங்க வசதியில்லை. என்ன செய்யட்டும்?

பதில்: தங்கச்சி, முதலில் வாழ்த்துகள். தோட்டத்தில் இருந்து ஒரு பிள்ளை கெம்பஸ் போகிறது என்று வாசித்ததே மனதுக்கு நிறைவாக இருந்தது.

நேரே விசயத்துக்கு வருகிறேன். லெப்டொப்பை விற்க வேண்டாம். சிப் கருகப் போவதில்லை. கூலிங் பேட்டும் இப்போதைக்கு வேண்டாம். ஆனால் மட்டக்களப்புக்குப் பஸ் ஏறுமுன் அதைத் திறந்து சுத்தம் பண்ணியே ஆக வேண்டும். ஹட்டனில் கடை போட்டு பதினெட்டு வருசமாக இந்த வேலைதான் செய்கிறேன். நீங்கள் எழுதியிருக்கும் மூன்று எண்களைப் பார்த்தாலே உள்ளே என்ன நடக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இந்தக் குளிரில் எப்படி சூடு என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். பனி கொட்டுகிற காலையில் பறித்த கொழுந்தைச் சாக்கில் அமுக்கித் திணித்து ஒரு மூலையில் போட்டுவைத்தால் என்ன ஆகும்? நடுவில் கையை விட்டால் வெதுவெதுவென்று சுடும். கொழுந்து சிவந்து போயிருக்கும். வெளியே எவ்வளவு குளிர் இருந்தாலும் அது சாக்கின் நடுவுக்குப் போய்ச் சேராது. கொழுந்து தனக்குள்ளேயே சூட்டை உண்டாக்குகிறது, அந்தச் சூடு வெளியேற வழி இல்லை, அவ்வளவுதான். அதனால்தான் ஸ்டோரில் கொழுந்தை நீளத் தொட்டியில் பரப்பி, அடியில் இருந்து பெரிய விசிறியால் காற்று விட்டு வாட்டுகிறார்கள். அங்கேயும் அளவுக்கு மீறித் தடிப்பாகப் பரப்பினால் விசிறி ஓடிக்கொண்டே இருக்கும், காற்று மட்டும் கொழுந்துக்குள் போகாது.

புரொசசரும் இதே கதைதான். கட்டைவிரல் நகத்தளவு சிலிக்கன் துண்டு. உங்களுடையது தொடர்ந்து 15 வொட் எடுக்கும்படி வடிவமைத்தது. அது எடுக்கிற மின்சாரம் முழுவதும் கடைசியில் சூடாகத்தான் மாறுகிறது. அந்தச் சூடு சிப்பில் இருந்து பேஸ்டுக்கு, பேஸ்டில் இருந்து செப்புத் தகட்டுக்கு, அங்கிருந்து செப்புக் குழாய் வழியாக ஓரத்தில் இருக்கும் மெல்லிய தகட்டு வரிசைக்குப் போக வேண்டும். அந்தக் குழாய்க்குள் கொஞ்சம் நீர் இருக்கும். சூடான முனையில் ஆவியாகி, குளிர்ந்த முனையில் திரும்பவும் நீராகி ஓடி வரும். கடைசியாக ஃபேன் அந்தத் தகடுகளுக்கு ஊடாகக் காற்றைத் தள்ளி வெளியேற்றும். இந்தப் பாதையில் எங்கே அடைத்தாலும் சூடு பின்னால் தேங்கும். ஸ்வெட்டர் போடுகிற குளிர் உங்கள் அறையில் இருக்கலாம். அது இந்தப் பாதையின் கடைசிப் படியில்தான் நிற்கிறது.

நான் இந்தக் கடிதத்துக்கு அவசரமாகப் பதில் எழுதக் காரணம் இனித்தான் வருகிறது. மென்பொருள் காட்டும் எண்ணை அப்படியே எடுக்கக் கூடாது. அதில் இருந்து அறையின் வெப்பத்தைக் கழிக்க வேண்டும். உங்கள் அறை 16 பாகை என்று வைத்துக்கொள்வோம். சும்மா இருக்கையில் 58 என்றால், அறையைவிட 42 பாகை மேலே. எடிட் பண்ணும்போது 97 என்றால், 81 பாகை மேலே. கொழும்பில் 31 பாகை அறையில் இதே எடிட்டுக்கு ஒருவருக்கு 97 காட்டினால், அவருடைய ஏற்றம் 66 தான். இரண்டு பேருக்கும் திரையில் ஒரே எண். ஆனால் உங்கள் லெப்டொப்தான் கூடுதலாக அடைத்திருக்கிறது.

அந்த 81 பாகை ஏற்றத்தை மட்டக்களப்பின் 33 பாகைப் பகலில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். 114 வருகிறது. உங்கள் சிப்பின் எல்லை 100. ஆகவே 114க்கு அது போகாது, போகவும் விடாது. வேகத்தைக் குறைத்துக் குறைத்து 100க்குள் நிற்கப் பார்க்கும். இங்கே இழுத்து இழுத்து ஓடுவது அங்கே நகரவே மறுக்கும். இத்தனை நாளும் நம்முடைய குளிர் அந்த நோயை மூடி வைத்திருக்கிறது. மலையில் இருந்து யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ படிக்கப் போன பிள்ளைகள் முதலாம் விடுமுறையில் வந்து, 'அண்ணா, இங்கே நல்லாத்தானே ஓடிச்சு, அங்க போனதும் பழுதாப் போச்சு' என்று லெப்டொப்பை மேசையில் வைத்த நாட்கள் நிறைய. அங்கே போய் ஒன்றும் பழுதாகவில்லை. இங்கேயே அடைத்திருந்தது அங்கே வெளியே தெரிந்தது.

மலையில் காற்று மெல்லியது, அதனால் ஃபேன் சரியாகக் குளிர்விக்காது என்றும் சிலர் சொல்வார்கள். பொய் இல்லை. நுவரெலியா நகரம் கடல் மட்டத்தில் இருந்து 1868 மீற்றர் உயரம். அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரம் எடுப்பது அதனால்தான். காற்றின் அடர்த்தி கரையோரத்தைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறைவு. ஃபேன் ஒரு சுற்றில் தள்ளுகிற காற்றின் எடையும் அந்தளவு குறையும். பெரிய கணினி மையங்களுக்கான கணக்கு ஒன்று இருக்கிறது: 900 மீற்றருக்கு மேலே ஒவ்வொரு 300 மீற்றருக்கும், அறையின் வெப்ப எல்லையை 1 பாகை குறைத்துக்கொள்ள வேண்டும். அதன்படி நுவரெலியாவுக்கு வருவது 3 பாகை சொச்சம். நமக்குக் குளிரால் கிடைக்கிற லாபமோ 10 பாகைக்கு மேல். ஆகவே உயரத்தின் மேல் பழி போட வேண்டாம்.

சரி, சிப் கருகுமா? கருகாது. 2000ஆம் ஆண்டு பென்டியம் 4 வந்த காலத்தில் இருந்து இன்டெல் சிப்புக்குள்ளேயே காவல் இருக்கிறது. அந்தக் காலத்து வேறு சில சிப்களில், மேலே இருக்கும் குளிர்விக்கும் பாகம் கழன்றால் சில வினாடியில் புகை வரும். இப்போதைய சிப்புக்குள் கோர் என்று பல வேலைப் பகுதிகள் இருக்கும், ஒவ்வொரு கோருக்கும் வெப்பம் அளக்கும் தனித்தனி உணரி உண்டு. எல்லையைத் தொட்டதும் முதலில் வேகம் குறையும். அதற்கும் அடங்காமல் எல்லையை வெகுவாகத் தாண்டினால், ஒரு வார்த்தை கேட்காமல் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். உங்களுக்கு 98இல் இழுப்பது அந்த முதல் காவல்தான். திரையில் 98 என்று நிற்கும்போது பிரேக் ஏற்கெனவே பிடித்தாகிவிட்டது. பிரேக் பிடிக்காவிட்டால் எண் இன்னும் மேலே போயிருக்கும். அதனால் உங்கள் உண்மையான ஏற்றம் 81ஐவிடக் கூடவே இருக்கும்.

அந்த உணரியைப் பற்றி ஒரு விசயம் தெரிந்து வைத்திருங்கள். அது காய்ச்சல் பார்க்கும் வெப்பமானி மாதிரி கீழே இருந்து எண்ணுவதில்லை. எல்லைக்கு இன்னும் எத்தனை பாகை மிச்சம் என்று மேலே இருந்து எண்ணுகிறது. மென்பொருள் அந்த மிச்சத்தை 100இல் இருந்து கழித்து உங்களுக்குக் காட்டுகிறது. அதனால் எல்லைக்குக் கிட்ட அது காட்டுவதை நம்பலாம். 40, 45 என்று கீழே வரும்போது சில பாகை முன்னே பின்னே இருக்கும். ஒரு கோர் 41, பக்கத்துக் கோர் 45 என்று காட்டினால் தூக்கம் கெட வேண்டாம். எல்லை எல்லாச் சிப்புக்கும் 100 இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள். ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7000 மேசைக் கணினிச் சிப்களில் பெரும்பாலானவற்றுக்கு 95, அதற்கு முந்திய சிலதுக்கு 90. சிநேகிதியின் லெப்டொப்புக்கு உங்கள் கணக்கைச் சொல்லுமுன் அவளுடைய சிப்பின் பெயரைக் கேளுங்கள்.

இன்னொன்று. 90ஐத் தொட்டாலே நோய் என்று எடுக்கக் கூடாது. உங்கள் சிப்பின் அடிப்படை வேகம் 1.6 கிகாஹேர்ட்ஸ். தேவைப்படும்போது 3.4 வரை பாயும். வேலை தொடங்கியதும் முதல் அரை நிமிடம் போல 15 வொட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு பாய்வது அதன் இயல்பு. அந்த நேரம் 90ஐத் தொட்டு இறங்கினால் ஆரோக்கியமான மெசின்தான். அதற்குப் பிறகு எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. வேலை ஓடிக் கால் மணி நேரம் ஆனதும் விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் வேகத்தைப் பாருங்கள். 2 கிகாஹேர்ட்ஸுக்கு மேல் நின்றால் பரவாயில்லை. 1.6க்கும் கீழே விழுந்து, வெப்பமும் 95க்கு மேலேயே நின்றால் பாதை அடைத்துவிட்டது.

எங்கே அடைத்திருக்கிறது என்பதைத் திறக்காமலே ஓரளவு கண்டுபிடிக்கலாம். இதை இன்றைக்கே செய்யுங்கள். முதலில் லெப்டொப்பைப் பலகை மேல் வையுங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியூ, அதாவது புரொசசர் பாவனை உண்மையாகவே 2, 3 வீதமா என்று பாருங்கள். 25, 30 வீதம் ஓடிக்கொண்டிருந்தால் அது சும்மா இல்லை, அப்டேட்டோ வைரஸ் தேடலோ பின்னால் ஓடுகிறது. அது முடியும் வரை காத்திருங்கள். அப்புறம் எடிட் பண்ணிய வீடியோவை ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்யப் போட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். ஓரிரு வினாடியிலேயே 60இல் இருந்து 95க்குக் குதித்து, வேலையை நிறுத்தியதும் அதே வேகத்தில் கீழே விழுந்தால், சூடு சிப்பை விட்டே வெளியேறவில்லை. பேஸ்ட் காய்ந்திருக்கிறது, அல்லது செப்புத் தகடு சிப்பில் சரியாக அமரவில்லை. அப்படி இல்லாமல் மூன்று நான்கு நிமிடமாக மெல்ல மெல்ல ஏறி, நிறுத்திய பிறகும் மெல்லவே இறங்கினால், சூடு தகடு வரைக்கும் வருகிறது, காற்றுத்தான் போகவில்லை. காற்று வெளியேறும் வாயில் கையை வைத்தால் இன்னும் தெளிவாகும். சிப் 95இல் இருக்கும்போது அந்த வாயில் காரமான சூட்டுக் காற்று வேகமாக அடிக்க வேண்டும். ஃபேன் இரைகிறது, ஆனால் கையில் மூச்சு விட்ட அளவு காற்றுத்தான் படுகிறது என்றால், அந்த இடத்தில்தான் அடைப்பு.

உங்கள் மெசினில் காற்றுத்தான் அடைத்திருக்கும் என்பது என் கணிப்பு. காரணம் சொல்கிறேன். போன வருசம் ஓர் ஆசிரியை ஒரு லெப்டொப் கொண்டுவந்தார். வேறோர் இடத்தில் பேஸ்ட் மாற்றி, சேர்விஸ் பண்ணியது என்று காசும் வாங்கியிருக்கிறார்கள். ஆனாலும் 94. பின்மூடியைத் திறந்தேன். புதுப் பேஸ்ட் போட்டிருந்தது உண்மை. ஃபேனின் மூன்று ஸ்குரூவையும் கழற்றி ஃபேனை மெல்லத் தூக்கியதும், ஃபேனுக்கும் தகட்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பட்டி. தகட்டு வரிசையின் முழு நீளத்துக்கும், பழைய கம்பளித் துண்டு மாதிரி. ஊசிமுனையால் ஓரத்தைக் கிளப்பினேன், உடையாமல் ஒரே துண்டாக உரிந்து வந்தது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கம்பளி நூல், தலைமுடி, தேயிலைத் தூசு, எல்லாவற்றையும் ஒட்ட வைத்த விறகுப் புகைக் கரி. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் அடுப்படி வாசனை. ஃபேன் வழியாகத்தான் காற்று உள்ளே போகிறது என்பதால் வெளியே இருந்து பார்க்கிற யாருக்கும் அந்தப் பட்டி தெரியாது. வெளியில் இருந்து ஊதினால் அசையவும் அசையாது. அதை எடுத்துவிட்டுப் பூட்டியதும் அதே வேலைக்கு 71 பாகை.

நம் வீடுகளில் இது நடக்காமல் இருந்தால்தான் அதிசயம். லயத்து அறையில் விறகடுப்பும் கட்டிலும் படிப்பும் பத்தடிக்குள் இருக்கின்றன. குளிருக்குக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு, மடியிலோ கட்டிலிலோ கம்பளி மேல் லெப்டொப்பை வைத்துத்தான் பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் குறை சொல்லவில்லை, மேசை போட இடம் எங்கே இருக்கிறது. ஆனால் லெப்டொப்பின் மூக்கு அடியில் இருக்கிறது. கம்பளி அதை மூடுகிறது, கூடவே நூலையும் ஊட்டுகிறது. ஒரு பலகை போதும். ரொட்டி தட்டுகிற பலகையளவு இருந்தாலே மடியில் வைத்து அதன் மேல் லெப்டொப்பை வைக்கலாம். பின்பக்கத்து இரண்டு மூலைக்கும் ஒவ்வொரு அழிரப்பரை வைத்துக் கொஞ்சம் உயர்த்திவிடுங்கள். காற்று உள்ளே போக வழி கிடைக்கும். கூலிங் பேட் செய்கிற வேலையில் பெரும்பகுதி இந்த இரண்டு அழிரப்பரில் நடந்துவிடும். உள்ளே பட்டி அடைத்திருக்கும் வரை எந்தக் கூலிங் பேட்டும் உதவாது. சுத்தம் பண்ணிய பிறகு வாங்கினாலும் சில பாகைதான் குறையும்.

இனித் திறக்கிற வேலை. நீங்கள் தனியே முதன்முறை செய்ய வேண்டாம். நம்பிக்கையான கடைக்குக் கொண்டுபோங்கள், ஆனால் கொடுத்துவிட்டு வந்துவிடாதீர்கள். கண் முன்னால் செய்யச் சொல்லிக் கேளுங்கள், அது உங்கள் உரிமை. முதலில் பற்றரி வயரைக் கழற்ற வேண்டும். ஃபேனைக் கழற்றித் தனியே துடைக்க வேண்டும், தகட்டு வரிசையின் உட்பக்கத்தைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். காற்றுப் பீய்ச்சினால் ஃபேனின் இறகை விரலால் பிடித்துக்கொண்டுதான் பீய்ச்ச வேண்டும், இல்லாவிட்டால் தறிகெட்டுச் சுற்றி அச்சு கெடும். டயர் கடையில் காற்று அடித்துத் தருகிறோம் என்று சிலர் கூட்டிப்போவார்கள். போக வேண்டாம். அந்தக் காற்றோடு தண்ணீரும் எண்ணெயும் வரும், அழுத்தமும் அதிகம். வீடு கூட்டுகிற வக்யூம் மெசினும் வேண்டாம், நிலைமின்சாரம் பாய்ந்தால் மதர்போர்டே போகும்.

செப்புத் தகட்டைத் தூக்கினால் பழைய பேஸ்டைக் கட்டாயம் மாற்ற வேண்டும், பழையதின் மேலேயே திரும்ப வைக்கக் கூடாது. காய்ந்த பேஸ்ட் சுவரில் உரிகிற சுண்ணாம்பு மாதிரி பொருக்காக இருக்கும். ஐசோபுரொப்பைல் அல்ககோலில் நனைத்த துணியால் சிப்பும் செப்பும் பளிச்சென்று தெரியும் வரை துடைக்க வேண்டும். புதிது ஒரு பருக்கைச் சோற்றளவு போதும், சிப்பின் முகம் முழுவதும் மெல்லிய படையாக மூடினால் சரி. பேஸ்டின் வேலை கண்ணுக்குத் தெரியாத மேடுபள்ளத்தை நிரப்புவதுதான். தடிப்பாக அப்பினால் அதுவே சூட்டைத் தடுக்கும். செப்புத் தகட்டின் ஸ்குரூ பக்கத்தில் 1, 2, 3, 4 என்று எண் பொறித்திருக்கும். அந்த வரிசையில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தகடு சாய்ந்து அமரும். அப்படி அமர்ந்தால் ஒரு கோர் 72, இன்னொரு கோர் 88 என்று பெரிய வித்தியாசம் காட்டிக்கொடுக்கும். பற்பசை போடலாம் என்று எங்காவது பார்த்திருந்தால் மறந்துவிடுங்கள், சில நாளில் காய்ந்து உதிரும். பேஸ்டுக்குப் பதிலாக லிக்விட் மெட்டல் என்ற திரவ உலோகம் போடுகிறேன் என்று யாராவது சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது மின்சாரத்தைக் கடத்தும், அலுமினியத்தை அரிக்கும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேஸ்ட் என்பதில் எனக்கு உடன்பாடில்லை. நல்ல பேஸ்ட் இரண்டு மூன்று வருசம் தாராளமாக நிற்கும். நாளைப் பார்த்து மாற்றாதீர்கள், எண்ணைப் பார்த்து மாற்றுங்கள். தேவையில்லாமல் திறக்கிற ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்குரூ வழுக்கும், ஒரு பிளாஸ்டிக் கொக்கி உடையும். பட்டியை எடுப்பது மட்டும் விறகடுப்பு வீட்டில் வருசம் ஒருமுறை செய்ய வேண்டிய வேலை.

கடைக்குப் போகிற அன்று இன்னொன்றையும் காட்டச் சொல்லுங்கள்: பற்றரி. சிப்பைப் பற்றி எல்லோரும் பயப்படுகிறார்கள், உண்மையில் சூட்டால் முதலில் கெடுவது பற்றரிதான். லித்தியம் பற்றரிக்குச் சூடு ஆகாது. கொள்ளளவு குறையும், நாள்பட ஊதும். இப்போதே லெப்டொப்பை மேசையில் மூடி வைத்துப் பாருங்கள். நான்கு காலும் பதிந்து நிற்காமல் ஆடினால், மௌஸ் தடவும் பகுதி மேலே எழும்பியிருந்தால், பற்றரி ஊதியிருக்கலாம். அப்படியென்றால் சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு நேரே கடைக்கு வர வேண்டும். அதைக் குத்தவோ அமுக்கவோ கூடாது, தீப்பிடிக்கும்.

சுத்தம் பண்ணும் நாள் வரைக்கும் சமாளிக்க ஒரு வழி உண்டு. விண்டோஸின் மின்சக்தி அமைப்புகளில் மேம்பட்ட பகுதிக்குப் போனால் புரொசசரின் அதிகபட்ச நிலை என்று ஓர் இடம் இருக்கும். 100 வீதம் என்று இருப்பதை 99 ஆக்கிவிடுங்கள். ஒரு வீதம் குறைத்தால் என்ன ஆகும் என்று தோன்றும். ஆனால் அந்த ஒரு வீதத்தில் 3.4 வரை பாய்கிற பாய்ச்சல் நின்று, சிப் அடிப்படை வேகத்தை ஒட்டியே ஓடும். ஸூம் வகுப்புக்கும் எழுத்து வேலைக்கும் அது தாராளம். வெப்பம் நன்றாகக் குறையும். சில லெப்டொப்களில் அந்த வரி மறைந்திருக்கும், காணவில்லை என்றால் விட்டுவிடுங்கள். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மென்பொருள்களும் இருக்கின்றன, 2019 கடைசியில் ஒரு பாதுகாப்புக் குறை வெளிவந்த பிறகு பல லெப்டொப்களில் அதைப் பூட்டிவிட்டார்கள். அதற்காக மெனக்கெட வேண்டாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள், சுத்தம் பண்ணியதும் அந்த 99ஐத் திரும்ப 100 ஆக்குங்கள், பரிசோதனை 100இல்தான்.

கீழே போன பிறகு வேறு ஒரு சங்கதி. பனிமூட்டம் நமக்குப் பழக்கம், ஆனால் குளிர்ந்த லெப்டொப்பைச் சூடான ஈரக் காற்றுக்குள் திடீரென்று கொண்டுபோனால் அதன் உள்ளே வியர்க்கும். கூல் சோடாப் போத்தலின் வெளியே துளி கட்டுகிற மாதிரி. ஏசி போட்ட பஸ்ஸிலோ கணினிக் கூடத்திலோ மணிக்கணக்காக இருந்துவிட்டு மட்டக்களப்பு வெயிலில் இறங்கினதும் திறக்காதீர்கள். பைக்குள்ளேயே அரை மணி நேரம் கிடக்கட்டும். இங்கேயும் விடியக்காலையில் தேத்தண்ணிக் கேத்தல் கொதிக்கிற அடுப்படிக்குக் குளிர்ந்த லெப்டொப்பைக் கொண்டுபோய்த் திறப்பது நல்லதல்ல. விடுதியில் கட்டிலில் வைத்துப் பாவிக்கிற பழக்கம் வந்துவிடும், பலகையைக் கையோடு கொண்டுபோங்கள்.

கடையில் இருந்து வந்ததும் செய்ய வேண்டிய கணக்கு இதுதான். அதே அறை, அதே பலகை, அதே வீடியோ. கால் மணி நேரம் ஏற்றுமதி ஓடட்டும். பதினைந்தாவது நிமிடத்தில் என்ன எண் காட்டுகிறதோ அதைக் கொப்பியில் எழுதுங்கள், பக்கத்தில் அறை வெப்பத்தையும் எழுதுங்கள். சுவரில் மாட்டுகிற சாதாரண வெப்பமானி போதும். காய்ச்சல் பார்ப்பது உதவாது, அது பெரும்பாலும் 35க்குக் கீழே காட்டாது. ஒன்றில் இருந்து ஒன்றைக் கழியுங்கள். 50, 55 வந்தால் மட்டக்களப்பின் 33ஐக் கூட்டினாலும் 88க்குள் நிற்கும், நான்கு வருசப் படிப்புக்கும் அந்த லெப்டொப் உங்களோடு வரும். 60ஐத் தாண்டினால் இன்னும் எங்கேயோ அடைப்பு மிச்சம் இருக்கிறது. அப்படியென்றால் கெம்பஸ் போகிற நாளுக்கு முந்தி ஒரு நாள் ஹட்டனுக்கு வாருங்கள், கொப்பியையும் கொண்டுவாருங்கள், நானே உங்கள் முன்னால் திறந்து பார்க்கிறேன்.